லேக்கைப் பிடிக்கப் போய் மணிக்கட்டு பிடித்துக்கொண்டது

பெயரையும் தொழிலையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு கோவையிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 46, வலக்கை ஆட்டக்காரர், கோல்ஃப் தொடங்கி நான்கு வருடம், ஹேண்டிகேப் (ஆட்டத் தரத்தைக் காட்டும் எண்; குறையக் குறைய நல்லது) 22. 7-அயர்ன் என்ற நடுத்தர தூர மட்டையால் அடித்தால் பந்து 125 யார்டு போகிறது. அதிக தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரை எடுத்தால் பந்து வலப்பக்கம் வளைந்து மரத்துக்குள் போய்விடுகிறது. ஐந்து மாதத்துக்கு முன்பு பிரபல கோல்ஃப் வீரர் செர்ஜியோ கார்சியாவின் ஸ்லோமோஷன் வீடியோ ஒன்றைப் பார்த்திருக்கிறார். கை இடுப்பருகே வந்துவிட்டது, கிளப், அதாவது மட்டை, மட்டும் இன்னும் பின்னால் மடிந்தே நிற்கிறது. லேக் எனப்படும் இந்தப் பின்தங்கல்தான் தூரத்தின் ரகசியம் என்று முடிவு கட்டி, அன்றிலிருந்து மணிக்கட்டின் மடிப்பைப் பந்து வரைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டு வரப் பழகுகிறார். ஞாயிறுதோறும் ரேஞ்சில் (பயிற்சி மைதானத்தில்), மேட் எனும் செயற்கைப் புல் விரிப்பில் 250 பந்து.

பலன் என்ன என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். பாதி அடி பந்துக்குப் பின்னால் தரையில் விழுகிறது. மீதிப் பாதி பந்தைத் தாழ்வாக வலது பக்கம் அனுப்புகிறது. மூன்று வாரமாக இடது மணிக்கட்டில், கட்டைவிரலின் அடிப்பக்கம், வலி. பயிற்சியாளர் “வலது கையை மறந்துவிடுங்கள், இடது கையால் இழுங்கள்” என்கிறார். உடன் ஆடும் நண்பர் ஒருவர் ஸ்டிஃப் ஷாஃப்ட் (எளிதில் வளையாத தண்டு) போடச் சொல்கிறார். இன்னொருவர் கிரிப்பை (கைப்பிடியை) லேசாகப் பிடி என்கிறார், அப்படிப் பிடித்தால் கிளப் கைக்குள் சுழல்கிறது. அவருடைய கேள்விகள் நான்கு: லேக்கை எப்படிக் கடைசிவரை பிடித்து வைப்பது? எவ்வளவு இறுக்கிப் பிடிக்கலாம்? 18,000 ரூபாய்க்கு விற்கும் லேக் பயிற்சிக் கருவியை வாங்கலாமா, இல்லை ஷாஃப்டை மாற்றலாமா? அடுத்த மாதம் மெடல் போட்டி; அதுவரை வலியைப் பொறுத்துக்கொண்டு பயிற்சி செய்யலாமா?

ஐயா, நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கூடாது. அடுத்த மாத மெடலுக்குப் பெயர் கொடுத்திருந்தால் இன்றே விலக்கிக்கொள்ளுங்கள்.

இடது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற நான்கு விரலால் மூடி, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரலின் அடியில் சுரீரென்று இழுத்தால், அங்கே தசைநாண்கள் ஓடும் உறை வீங்கியிருக்க வாய்ப்பு அதிகம். டி குவெர்வெய்ன் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். வந்த வழியும் தெளிவு. கட்டைவிரலைக் கிரிப்பின் மேல் நீளமாக நீட்டி வைத்துக்கொண்டு, மணிக்கட்டைக் கட்டைவிரல் பக்கம் மடக்கியபடியே இறுக்கி, அந்த நிலையில் கான்கிரீட் மேல் விரித்த மேட்டில் 250 முறை அடிக்கிறீர்கள். எலும்பு மருத்துவரிடம் போகும்போது கோல்ஃப் ஆடுகிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வலி கட்டைவிரல் பக்கம் இல்லாமல் உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரலுக்கு நேர் கீழே இருந்தால் அது வேறு கதை. கிரிப்பின் முனை அங்கே உள்ள ஹேமேட் எலும்பின் கொக்கியில் மோதி விரிசல் விடுவது கோல்ஃப் ஆடுபவர்களுக்கு வரக்கூடிய ஒன்று. சாதாரண எக்ஸ்ரேயில் அது சில சமயம் தெரியாமலே போய்விடும், சி.டி. எடுக்க வேண்டியிருக்கும். வலி மறைய ஊசி போட்டுக்கொண்டு போட்டிக்குப் போகும் யோசனை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

லேக்கை யாரும் பிடித்து வைப்பதில்லை

இனி உங்கள் முதல் கேள்வி. கார்சியாவின் வீடியோவில் நீங்கள் பார்த்தது உண்மை. அவர் அந்த மடிப்பைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டதுதான் பிசகு. டவுன்ஸ்விங், அதாவது மேலிருந்து பந்துக்கு இறங்கும் வீச்சு, மொத்தமே சுமார் கால் நொடி. பந்தும் கிளப்பும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியின் 2000இல் ஒரு பங்கு. “இதோ, இந்த இடத்தில் விடு” என்று மூளை உத்தரவு போட்டு அது கைக்கு வந்து சேர்வதற்குள் பந்து பறந்திருக்கும். ஆகவே கடைசி வரை பிடித்து, சரியான நேரத்தில் விடுவது என்பது மனிதக் கையால் ஆகிற காரியமில்லை.

பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்வண்டி சீராகப் போகும்வரை கயிறு விறைப்பாக இருக்கும். முன்வண்டிக்காரர் பிரேக் போட்டால் கயிறு தொய்யும், பின்வண்டி வந்து முட்டும். வெடுக்கென்று கிளப்பினால் கயிறே அறுந்துவிடும். கைதான் முன்வண்டி; கிளப் தலை, அதாவது பந்தை அடிக்கும் முனை, பின்வண்டி. இடுப்பு முதலில் திரும்ப, மார்பு அதைத் தொடர, தோள் கையை இழுக்க, கை கிளப்பை இழுக்க, கனமான தலை பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கலுக்குப் பெயர் லேக். உடம்பு நிற்காமல் சுழன்றால் அது தானாக இருக்கும். பந்தை நெருங்கும்போது தலையின் வேகமே மடிப்பைப் பிரித்துவிடும். பிரியத்தான் வேண்டும். பந்து வரைக்கும் பிரியாமல் இறுக்கினால் கிளப் தலையின் வேகம் பந்துக்கு வந்து சேராது, முகமும், அதாவது பந்தைத் தொடும் தட்டைப் பக்கமும், வலப்பக்கம் பார்த்துத் திறந்தே வரும். உங்கள் தாழ்வான வலப்பக்க அடி அதுதான்.

அப்படியானால் எவ்வளவு மடிப்பு வேண்டும் என்று கேட்பீர்கள். இறங்கும் வழியில் இடது கை தரைக்கு இணையாக வரும்போது கைக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே ஏறக்குறைய 90 பாகை இருந்தால் உங்கள் அளவில் தாராளம். பந்தைத் தொடும் கணத்தில் 7-அயர்னில் கை பந்தைவிடச் சற்று முன்னால், ஷாஃப்ட் இலக்குப் பக்கம் லேசாகச் சாய்ந்து இருக்க வேண்டும். டிரைவரில் அந்தச் சாய்வுகூடத் தேவையில்லை.

காஸ்டிங் ஏன் வந்தது?

ஐந்து மாதத்துக்கு முன்பு, லேக் பயிற்சி தொடங்காத காலத்தில், கிளப்பை மேலிருந்தே வீசி எறிந்துவிடும் பழக்கம், அதாவது காஸ்டிங், இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நோய் என்று நினைத்து ஒழிக்கப் பார்த்தீர்கள். உங்கள் உடம்பு தெரியாத்தனமாகச் செய்துகொண்டிருந்த வைத்தியம் அது. கடிதத்தில் ஒரு வரி வருகிறது: “கிரிப் பிடித்தால் இடது கையில் ஒரு முட்டிதான் தெரிகிறது.” மூலகாரணம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

குனிந்து பார்த்தால் இடது கையில் ஒரே ஒரு முட்டி (விரலின் அடிக்கணு) தெரியும் பலவீனமான கிரிப்பில், அதாவது பிடிப்பில், பேக்ஸ்விங்கின் (பின்னால் தூக்கும் வீச்சின்) உச்சியில் மணிக்கட்டு புறங்கைப் பக்கம் மடிந்து, கிளப் முகம் திறந்துகொள்கிறது. பந்து கிளம்பும் திசையை முக்கால் பங்குக்கு மேல் முடிவு செய்வது முகம்தான். திறந்த முகத்தோடு லேக்கும் சேர்ந்து வந்தால் பந்து வலப்பக்கம் போகும் என்பது உடம்புக்குத் தெரியும். அதனால் அவசர அவசரமாகக் கிளப் தலையை முன்னால் எறிந்து முகத்தை மூடப் பார்க்கிறது. முகத்தைச் சரிசெய்யாமல் எறிவதை மட்டும் தடுத்தீர்கள். இப்போது திறந்த முகம் திறந்தபடியே பந்துக்கு வருகிறது. வரிசையை மாற்றுங்கள்: முதலில் கிரிப், பிறகு முகம். லேக் பின்னாலேயே வரும்.

கிரிப்புக்கு ஒரு சோதனை. உங்கள் பழைய கையுறையை எடுத்துப் பாருங்கள். உள்ளங்கையின் அடிமேட்டில், சுண்டுவிரலுக்குக் கீழே, தேய்ந்தோ ஓட்டை விழுந்தோ இருந்தால் கிளப்பை விரலில் பிடிக்காமல் உள்ளங்கைக்குள் குறுக்காக வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். ஒவ்வோர் அடியிலும் அது அங்கே வழுக்கிச் சுழல்கிறது. கிரிப் சுண்டுவிரலின் அடியிலிருந்து ஆள்காட்டி விரலின் நடுக்கணுவுக்குச் சாய்வாக ஓட வேண்டும். அடிமேட்டுச் சதை கிரிப்பின் மேல் உட்கார வேண்டும். சரியாக இருந்தால் அந்தச் சதையாலும் வளைத்த ஆள்காட்டி விரலாலும் மட்டுமே, மற்ற மூன்று விரலையும் திறந்துவிட்டு, கிளப்பைத் தூக்கி நிறுத்த முடியும். குனிந்து பார்த்தால் இரண்டு முட்டி, வேண்டுமானால் இரண்டரை, தெரியட்டும். கட்டைவிரலை நீட்டாதீர்கள், அரை அங்குலம் உள்ளே இழுத்து, கிரிப்பின் நடுவிலிருந்து சற்று வலப்பக்கம் வையுங்கள். வலிக்கும் தசைநாணுக்கும் அதுவே ஓய்வு. கிரிப்பின் முனை கைக்கு வெளியே ஒரு சென்டிமீட்டராவது நீட்டிக்கொண்டிருக்கட்டும்.

முகம் சரியா என்று பார்க்க, மெதுவாக இறங்கி, ஷாஃப்ட் தரைக்கு இணையாக வரும் இடத்தில் நில்லுங்கள். கிளப்பின் கீழ் விளிம்பு உங்கள் முதுகின் சாய்வை ஒத்துத் தரைப் பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தால் நல்லது. கிளப் தலையின் மூக்கு (நுனி) செங்குத்தாக வானத்தைப் பார்த்தால், அல்லது பின்னால் சாய்ந்தால், முகம் திறந்திருக்கிறது. இதற்குப் பந்து தேவையில்லை. வீட்டுக் கூடமே போதும், மின்விசிறி கவனம்.

இறுக்கமா, லேசா?

நண்பர் சொல்வதும் தவறில்லை, உங்கள் அனுபவமும் தவறில்லை. பிடிப்பு ஸ்விங் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. வேகமாக வீசும் ஆட்டக்காரரின் கையைக் கிளப் பந்தருகே ஏறத்தாழ 40 கிலோ எடைக்கு இணையான விசையோடு வெளியே இழுக்கும். அப்போது விரல் தானாக இறுகும். நீங்கள் கவனிக்க வேண்டியது தொடக்கத்து அளவை மட்டும். முழு பலத்தோடு பிடிப்பதை 10 என்று வையுங்கள், கிளப் நழுவப் போகும் நிலையை 1 என்று வையுங்கள்; 4இல் தொடங்குங்கள். உள்ளங்கைப் பிடியை விரல் பிடியாக மாற்றிய பிறகு 4இலும் கிளப் சுழலாது. இப்போது சுழல்வதற்குக் காரணம் லேசான பிடி இல்லை, தவறான இடத்துப் பிடி.

எவ்வளவு என்பதைவிட எந்த விரல் என்பதுதான் பெரிது. இடது கையில் கடைசி மூன்று விரல்கள் பிடிக்கட்டும். வலது கையில் நடு இரண்டு விரல்கள் போதும். வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து மூக்குப்பொடி எடுப்பதுபோல் கிள்ளினால் முன்கை முழுவதும் விறைத்துவிடும், மணிக்கட்டு மடங்காது, காஸ்டிங் நிச்சயம்.

இங்கேதான் உங்கள் பயிற்சியாளரின் அறிவுரையோடு நான் முரண்படுகிறேன். வலது கை அதிகமாகத் தள்ளுகிறது என்பதைக் கண்டுதான் அப்படிச் சொல்லியிருப்பார், பார்வை சரி. ஆனால் வலது கையை மறந்துவிட்டால் லேக் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் ஒரே அளவுமானியையும் தொலைத்துவிடுவீர்கள். வலது ஆள்காட்டி விரலைத் துப்பாக்கி விசையில் வைப்பதுபோல் வளைத்து, நடுவிரலிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். உள்ளங்கைக்கும் முதல் கணுவுக்கும் நடுவில் உள்ள சதை, ஷாஃப்டின் பின்பக்கம் படிய வேண்டும். உச்சியிலிருந்து திரும்பும்போது கிளப்பின் கனம் அந்தச் சதையில் அழுந்துவது தெரியும். நீங்கள் அழுத்துவதில்லை, கிளப் உங்களை அழுத்துகிறது. கயிறு விறைப்பாக இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. பந்து வரும்வரை அந்த அழுத்தம் மாறாமல் இருந்தால் லேக் இருக்கிறது. பாதி வழியில் மறைந்தால் தலை கையை முந்திவிட்டது. மடிப்பு எத்தனை பாகை என்ற கணக்கை விட்டுவிட்டு இந்த ஒரு சதையின் உணர்வை மட்டும் பின்தொடருங்கள்.

கூடவே வலது உள்ளங்கையின் ஆயுள் ரேகை இடது கட்டைவிரலை முழுதாக மூடி, இரண்டும் கடைசிவரை பிரியாமல் இருக்கட்டும். உச்சியில் அங்கே இடைவெளி விழுவதும் திரும்பி வரும்போது பட்டென்று மூடுவதும்தான் பலருக்குக் காஸ்டிங்கின் முதல் அடி.

வலி போன பிறகு

மருத்துவர் அனுமதித்த பின் நான்கு வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் பந்தே வேண்டாம். தினமும் ஐந்து நிமிடம் கிரிப். பிறகு 7-அயர்னைத் தலைகீழாக, தலைப்பக்கம் பிடித்து, 15 முறை வீசுங்கள். விர்ரென்ற சத்தம் எங்கே உரக்கக் கேட்கிறது? வலது காலுக்கு நேராகக் கேட்டால் முன்கூட்டியே எறிகிறீர்கள். பந்து இருக்கும் இடத்தையும் தாண்டி இடது பக்கம் கேட்க வேண்டும். அடுத்து ஒரு பழைய டயரைச் சுவரோடு சாய்த்து, கிளப் முகத்தை அதில் வைத்து, அடிக்காமல், உடம்பைத் திருப்பித் தள்ளுங்கள். ஐந்து நொடி, பத்து முறை. அழுத்தம் ஆள்காட்டி விரலில் ஏற வேண்டும். வலது கட்டைவிரலில் ஏறினால் இடது மணிக்கட்டு மடிந்துவிட்டது. நிறுத்தி மறுபடி தொடங்குங்கள்.

இரண்டாவது வாரம் புல்லுக்குப் போங்கள். மேட் பொய் சொல்லும்: பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் அடித்தாலும் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தொட்டுவிடும், அதிர்ச்சி மட்டும் மணிக்கட்டுக்கு வரும். வீட்டிலிருந்து ஒரு பிடி கோலமாவு எடுத்துச் செல்லுங்கள். இலக்குத் திசைக்குக் குறுக்காக இரண்டடி நீளத்துக்கு ஒரு கோடு இழுத்து, கோடு காலிடைவெளியின் நடுவில் வரும்படி நின்று, பிட்சிங் வெட்ஜால் (குறுகிய தூர மட்டை) இடுப்பளவு ஸ்விங். பந்து வேண்டாம். புல் பெயர்ந்த இடம் கோட்டிலேயோ அதற்கு இலக்குப் பக்கமோ தொடங்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் தொடங்கினால் அநேகமாக எடை இடது காலுக்கு வரவில்லை. கை பந்தை எட்டுவதற்கு முன்பே நின்றுவிட்டது. பத்தில் ஏழு முறை கோட்டைத் தாண்டிய பிறகு கோட்டின் மேல் பந்தை வைத்து 30 யார்டு அடியுங்கள். நாளைக்கு 40 பந்துக்கு மேல் கூடாது, ஒவ்வொரு பந்துக்கும் முன் இரண்டு ஒத்திகை. கிள்ளும் பழக்கம் தலைகாட்டினால் வலது கட்டைவிரலைக் கிரிப்பிலிருந்து தூக்கிவிட்டு ஐந்து பந்து அடித்தால் அடங்கிவிடும்.

மூன்றாவது வாரம் அதையே 9-அயர்னில் செய்யுங்கள், நான்காவது வாரம் 7-அயர்னில் முக்கால் ஸ்விங். உச்சியில் அவசரம் வேண்டாம். கிரிப்பை வெடுக்கென்று கீழே இழுப்பதுதான் இந்தக் கட்டத்தில் எல்லாருக்கும் வரும் தவறு. இழுத்த வேகத்தில் மடிப்பு அங்கேயே செலவாகிவிடும். இடது குதிகாலில் எடை இறங்கட்டும், கை சும்மா பின்தொடரட்டும். பந்து இடப்பக்கம் வளையத் தொடங்கினால் பயந்து பழைய கிரிப்புக்குத் திரும்பாதீர்கள். கிரிப் மாறியதன் அடையாளம் அது. உடம்பு நிற்காமல் திரும்பப் பழகியதும் அடங்கும். டிரைவர் இந்த நான்கு வாரமும் பையிலேயே இருக்கட்டும்.

கருவி வாங்குவது பற்றி: வளையும் ஷாஃப்ட் உள்ளவை தாளத்தைக் கற்றுக்கொடுக்கும், கெடுதல் இல்லை. ஆனால் திறந்த முகத்தை எந்தக் கருவியும் மூடாது. அந்த 18,000 இப்போதைக்கு உங்களிடமே இருக்கட்டும். வாங்கினாலும் போட்டிச் சுற்றில் வெளியே எடுக்காதீர்கள். சுற்றின் நடுவே ஸ்விங் பயிற்சிக் கருவியைப் பயன்படுத்துவது விதி 4.3-இன்படி குற்றம், முதல் தடவை இரண்டு ஸ்ட்ரோக் அபராதம், இரண்டாம் தடவை தகுதிநீக்கம். ஸ்டிஃப் ஷாஃப்ட் லேக் தராது. உங்கள் வேகத்துக்கு அது செத்த கட்டையாகத் தெரியும், இன்னும் இறுக்கிப் பிடிப்பீர்கள். செலவு செய்தே ஆக வேண்டுமென்றால் நான்கு வருடத்துப் பழைய கிரிப்புகளை மாற்றுங்கள். வழவழப்பான ரப்பரைப் பிடிக்கக் கை தானாக இறுகும். அளவும் பாருங்கள்: இடது கையால் பிடிக்கும்போது நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் உள்ளங்கையின் கட்டைவிரல் மேட்டை மெல்லத் தொட்டால் போதும். குத்தினால் கிரிப் மெலிசு, இடைவெளி இருந்தால் தடிமன்.

பயிற்சியாளரை மாற்றுவதா என்று தயங்குகிறீர்கள். பணம் கட்டிய வகுப்புகள் மீதம் இருப்பதால் உடனே மாற்ற வேண்டாம். அடுத்த வகுப்பை எதற்காகச் செலவிடுவது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. “லேக் வேண்டாம், கிரிப்பையும் உச்சியில் முகத்தையும் மட்டும் பாருங்கள்” என்று கேளுங்கள். அதற்கு மனமில்லாதவர் என்றால் அப்போது யோசிக்கலாம்.

வீடியோ எடுக்கும்போது கைபேசியை உங்களுக்கு நேர் எதிரே, கை இருக்கும் உயரத்தில், ஸ்டாண்டில் நிறுத்தி, நொடிக்கு 240 பிரேமில் எடுங்கள். சற்றே பக்கவாட்டில் வைத்தாலும் இல்லாத லேக் இருப்பதுபோலத் தெரியும். ஷாஃப்ட் வில்லாய் வளைந்து தெரிந்தால் அது பெரும்பாலும் கைபேசிக் கேமராவின் வேலை, உங்கள் பலம் இல்லை.